ரேவன்ஸ்கிரெய்க்கை மூடியது யார்?

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. ஈஸ்டர் விடுமுறையில் இருந்த பிரிட்டன் நாடாளுமன்றம் அவசரமாகத் திரும்ப அழைக்கப்பட்டது. விடுமுறையில் இருக்கும் உறுப்பினர்களை ஒரு சனிக்கிழமையில் கூட்டுவது 1982இன் ஃபாக்லாந்து நெருக்கடிக்குப் பிறகு அதுவே முதல் முறை. இம்முறை எங்கும் போர் மூளவில்லை. லிங்கன்ஷயரின் வடக்கே ஸ்கன்தார்ப் என்னும் ஊரில், தாதிலிருந்து இரும்பை உருக்கி எடுக்கும் இரண்டு ஊதுலைகள் அணைந்துவிடும் நிலையில் இருந்தன. அவ்வளவுதான் காரணம். காலையில் அறிமுகமான சட்ட முன்வரைவு மாலைக்குள் இரு அவைகளிலும் நிறைவேறி, மன்னரின் ஒப்புதலையும் பெற்றது. அந்த விவாதம் முழுவதையும் நான் பக்கத்து வீட்டுப் பெரியவருடன் அமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். அவர் ஸ்காட்லாந்தின் மதர்வெல் நகரில் இருந்த ரேவன்ஸ்கிரெய்க் எஃகாலையில், தகடு உருட்டும் பிரிவில் வேலை பார்த்தவர். நான் உலோகவியல் படித்தவன். எங்கள் நட்புக்கு அடித்தளமே இரும்புதான்.

அவையில் ஒவ்வொருவரும் ஒரு குற்றவாளியைச் சுட்டிக்காட்டினார்கள். 2020இல் சீனாவின் ஜிங்யே நிறுவனத்திடம் ஆலையை ஒப்படைத்தது கன்சர்வேட்டிவ் அரசு என்றது தொழிற்கட்சி. பேச்சுவார்த்தையைக் கோட்டை விட்டது தொழிற்கட்சி அரசு என்றார்கள் கன்சர்வேட்டிவ்கள். சீனாவின் மலிவு எஃகு, கரிம உமிழ்வைச் சுழியாக்கும் இலக்கு, தொழிற்சாலைகளுக்கான மின்கட்டணம், அமெரிக்காவின் 25 விழுக்காட்டு வரி என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றிலும் உண்மை இருந்தது. நான் பெரியவரிடம், உங்கள் ஆலையை மூடியது யார் என்று கேட்டேன். ஒரு நொடியும் யோசிக்காமல், தாட்சர் என்றார். ரேவன்ஸ்கிரெய்க் மூடப்பட்டது 1992 ஜூனில். தாட்சர் பிரதமர் பதவியிலிருந்து விலகியது 1990 நவம்பரில். மூடும் முடிவை எடுத்தது பிரிட்டிஷ் ஸ்டீல் என்ற தனியார் நிறுவனம். பிரதமராக இருந்தவர் ஜான் மேஜர். இவை எல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவர் பதில் மாறவில்லை; மாற வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் இல்லை.

ஆனால் சற்று நேரம் கழித்து அவர் வேறொன்று சொன்னார். அவருடைய தந்தையும் அதே ஆலையில் ஊதுலை முன் நின்றவர். 1950களின் இறுதியில் அங்கே தகட்டாலை வரப்போகிறது என்ற செய்தி வந்து ஊரே கொண்டாடியபோது, கப்பல் வந்து சேராத இடத்தில் இவ்வளவு பெரிய ஆலையைக் கட்டுகிறார்கள், பேரப்பிள்ளைகள் காலம்வரை இது நிற்காது என்று தந்தை வீட்டில் சொன்னாராம். ஆலையை மூடிய கை எது என்று நாடே தேடிக்கொண்டிருக்க, உலை முன் நின்ற ஒரு தொழிலாளி அதன் முடிவைத் திறப்பு விழாவுக்கு முன்பே பார்த்துவிட்டார் என்பது என்னை விட்டு அகலவில்லை. பிரிட்டனின் எஃகுத் தொழில் 1970இல் ஏறத்தாழ 2.8 கோடி டன் உற்பத்தி செய்தது. 2024இல் சுமார் 40 லட்சம் டன். இந்தச் சரிவுக்கு யார் காரணம் என்ற வழக்கை இந்த நாடு அரை நூற்றாண்டாக நடத்திக்கொண்டிருக்கிறது. அந்த வழக்கு தப்பான தேதியில் தொடங்குகிறது என்பதே என் எண்ணம்.

அணைக்க முடியாத நெருப்பு

ஒரு சனிக்கிழமைக்குள் சட்டம் இயற்ற வேண்டிய அவசரம் எங்கிருந்து வந்தது என்பதை ஊதுலையின் அமைப்பை அறிந்தால்தான் உணர முடியும். பல மாடி உயரம் கொண்ட அந்தக் கோபுரத்தின் மேல்வாயில் இரும்புத் தாதும், நிலக்கரியைச் சுட்டுப் பெறும் கற்கரியும், சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காக இறங்கிக்கொண்டே இருக்கும். அடியில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றிய காற்று ஊதப்படும். கற்கரி அங்கே வெறும் எரிபொருள் அன்று. தாதிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் வாயுவைத் தருவதும் அதுதான். மேலேயுள்ள ஆயிரக்கணக்கான டன் எடையைத் தாங்கி, காற்று மேலேறிப் போக இடைவெளி விட்டு நிற்பதும் அதுதான். உருகிய இரும்பு அடித்தொட்டியில் தேங்க, சில மணி நேரத்துக்கு ஒரு முறை களிமண் அடைப்பைத் துளைத்து அதை வெளியே ஓடவிடுவார்கள். அப்போது அந்தக் கூடமே செம்மஞ்சள் ஒளியில் மூழ்கும். தள்ளி நின்றாலும் முகத்துத் தோல் இழுபடும். இந்த ஓட்டம் ஆண்டுக்கணக்கில் இரவுபகலாக நடக்க வேண்டும். கற்கரி நின்று, சூடு தணிந்து, அடித்தொட்டியில் இருக்கும் இரும்பு உறைந்துவிட்டால், நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ஒரே கட்டி உலைக்குள் அமர்ந்துகொள்ளும். அதன் பிறகு அது உலையாகத் திரும்புவது ஏறக்குறைய இயலாத காரியம்.

ஸ்கன்தார்ப்பில் எரிந்துகொண்டிருந்த இரண்டு உலைகளுக்கும் ராணிகளின் பெயர்: ராணி பெஸ், ராணி ஆன். ஒன்று 1930களிலும் மற்றது 1950களிலும் பிறந்தவை. ஆலையின் கற்கரி அடுப்புகள் 2023இலேயே மூடப்பட்டுவிட்டதால், கற்கரி வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். நாளொன்றுக்கு 7 லட்சம் பவுண்டு நட்டமாகிறது என்று சொன்ன உரிமையாளர் புதிய மூலப்பொருளுக்கு ஆணை கொடுப்பதை நிறுத்தியதும், எல்லாம் நாள்கணக்கில் வந்து நின்றது. அந்த உலைகள் அணைந்தால், தாதிலிருந்து எஃகு செய்யும் ஆலை ஒன்றுகூட இல்லாத நாடாகிவிடும் பிரிட்டன். 1856இல் பெஸ்ஸமர் தன் எஃகாக்க முறையை உலகுக்கு அறிவித்த நாடு. நாட்டின் ரயில் தண்டவாளங்களில் பெரும்பகுதியும் ஸ்கன்தார்ப்பிலிருந்துதான் வருகின்றன.

உலையின் இந்த இயல்புதான் பழி அரசியலுக்கும் வடிவம் கொடுக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு துணியாலை மெல்ல மெல்லத் தேயலாம். இந்த ஆண்டு இத்தனை தறி, அடுத்த ஆண்டு அதைவிடக் குறைவு என்று யார் கண்ணுக்கும் படாமல் இளைக்கலாம். ஊதுலைக்கு அப்படி ஒரு தேய்மானம் இல்லை. எரிகிறது, அல்லது அணைந்துவிட்டது. அணைந்த தேதி எல்லோருக்கும் தெரியும். அந்தத் தேதியில் நாற்காலியில் இருந்தவர் பெயரும் தெரியும். எனவே ஒவ்வோர் அரசின் முதல் கவலையும் தன் காலத்தில் அது அணையக் கூடாது என்பதாகிவிடுகிறது. அதற்குச் செலவழித்த பணமும் அறிவும், அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு எஃகு எங்கே, எதைக்கொண்டு, யாருக்காகச் செய்யப்பட வேண்டும் என்ற கேள்விக்குச் செலவாகவில்லை. நீதிமன்றத்தில் வாய்தா வாங்குவதுபோல் ஆலைகளுக்கு வாய்தா வாங்கினார்கள்.

1958 நவம்பர்

பெரியவரின் தந்தை சொன்ன சொல்லுக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. போருக்குப் பின் கார்களும் குளிர்பதனப் பெட்டிகளும் பெருகியபோது அகலமான மெல்லிய எஃகுத் தகட்டுக்குத் தேவை கூடியது. தகட்டாலை எனப்படுவது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள, பழுக்கக் காய்ந்த எஃகுப் பாளத்தை உருளைகளுக்கு நடுவே அடுத்தடுத்து ஓடவிட்டு, சில நிமிடங்களில் சில மில்லிமீட்டர் தகடாக இழுத்து, சுருளாகச் சுற்றித் தள்ளும் இடம். பாளம் ஒரு முனையில் நடந்து நுழையும். மறுமுனையில் தகடு ஓடி வெளியேறும் என்று பெரியவர் சொல்வார். அத்தகைய ஆலை பெரிதாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். வேல்ஸில் எப்வேல், ஷாட்டன், போர்ட் டால்பட் ஆகிய மூன்று இடங்களில் ஏற்கெனவே இருந்தன. நாலாவது ஒன்று தேவை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அது எங்கே என்பதில்தான் சிக்கல்.

வேல்ஸ், நியூபோர்ட் அருகே வேண்டும் என்றது. ஸ்காட்லாந்து, வேலையில்லாத் திண்டாட்டத்தைக் காட்டித் தனக்கே வேண்டும் என்றது. 1958 நவம்பரில் பிரதமர் ஹெரால்டு மக்மில்லன் நாடாளுமன்றத்தில் எழுந்து முடிவை அறிவித்தார்: இரண்டு இடத்துக்கும் ஆளுக்கொரு ஆலை. வேல்ஸில் லான்வெர்ன், ஸ்காட்லாந்தில் ரேவன்ஸ்கிரெய்க். சாலமோனின் தீர்ப்பு என்று இதைப் பலரும் குறிப்பிடுவதுண்டு. இரு பெண்கள் உரிமை கோரிய குழந்தையை வெட்டிப் பங்கிடச் சொன்ன அந்தச் சாலமோன் கதையில் குழந்தை வெட்டப்படவில்லை. இங்கே வெட்டப்பட்டது. ஒரு முழு ஆலைக்குரிய சந்தை இரண்டு அரை ஆலைகளுக்குப் பங்கிடப்பட்டது. ரேவன்ஸ்கிரெய்க்கை நடத்திய கால்வில்ஸ் நிறுவனமே இதை விரும்பவில்லை. அதன் தலைவர் ஆண்ட்ரூ மக்கான்ஸ் தயங்கினார். 5 கோடி பவுண்டு அரசுக் கடனைக் கொடுத்து அவர்களை இணங்க வைக்க வேண்டியிருந்தது.

தயக்கத்துக்குக் காரணம் எளிமையானது. ரேவன்ஸ்கிரெய்க் இருந்த லனார்க்ஷயரில் இரும்புத் தொழில் வேர்விட்டது அங்கே நிலக்கரியும் தாதும் மண்ணுக்குள்ளேயே கிடைத்த காலத்தில். 1950களில் தாது கடல் கடந்து வந்துகொண்டிருந்தது. நல்ல கற்கரிக்கு ஏற்ற நிலக்கரி உள்ளூரில் அருகிக்கொண்டிருந்தது. கப்பலில் வந்த தாதை மறுபடி ரயிலில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பெரிய கப்பல்கள் அணையக்கூடிய ஹண்டர்ஸ்டன் துறைமுகம் கிளைட் கடற்கரையில் திறக்கப்பட்டது 1979இல்தான்; அங்கிருந்தும் ரயில் பயணம் மிச்சம். அதே காலத்தில் ஜப்பான் என்ன செய்தது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஃபுகுயாமா போன்ற ஆலைகளைக் கடலைத் தூர்த்த நிலத்தில், ஆழ்கடல் கப்பல்கள் நேரே வந்து நிற்கும்படி, ஒரே இடத்தில் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் செய்யும் அளவில் கட்டினார்கள்.

தகடு வாங்க ஆள் வேண்டுமே என்பதற்காகக் கார் ஆலையும் லாரி ஆலையும் ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டன. பாத்கேட்டில் லாரி, 1961. லின்வுட்டில் கார், 1963. அவற்றுக்கான உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலிருந்து நெடுந்தூரம் வந்தன. லின்வுட் 1981இல் மூடியது, பாத்கேட் 1986இல். தகட்டாலைக்காக வரவழைக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் தகட்டாலைக்கு முன்பே போய்விட்டார்கள். 1986இல் அருகிலிருந்த கார்ட்காஷ் குளிர் உருட்டாலையும் மூடப்பட்டபோது, ரேவன்ஸ்கிரெய்க் செய்த தகடு மேல்பக்குவத்துக்கு ஸ்காட்லாந்துக்கு வெளியே போக வேண்டியதாயிற்று. 1991இல் தகட்டாலை நின்றது. மறு ஆண்டு உலை அணைந்தது. குளிர்விப்புக் கோபுரங்களை 1996 ஜூலையில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இவ்வளவும் சொல்வதால் மக்மில்லனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது என் வாதமன்று. எப்வேலைப் பாருங்கள். 1930களில் ரிச்சர்டு தாமஸ் நிறுவனம் ஐரோப்பாவின் முதல் தொடர் தகட்டாலையை லிங்கன்ஷயரில் அமைக்கத்தான் திட்டமிட்டது. பட்டினியில் கிடந்த வேல்ஸ் பள்ளத்தாக்கின் நிலையைக் கண்டு அரசு கொடுத்த அழுத்தத்தால் அது எப்வேலுக்கு மாறி, 1938இல் ஓடத் தொடங்கியது. மலையிடுக்கில், கடலிலிருந்து தொலைவில். ஆனால் அந்த ஆலை பல்லாயிரம் குடும்பங்களுக்கு நாற்பது ஆண்டு சோறு போட்டது. ரேவன்ஸ்கிரெய்க்கும் முப்பது ஆண்டு போட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பிள்ளைகளைப் படிக்கவைத்தது அந்தச் சம்பளத்தில்தான். ஒரு ஊரின் வறுமையைப் போக்க அரசு ஒரு ஆலையை அங்கே வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. இந்த இடத்தில் இது இவ்வளவு காலம்தான் ஓடும், அதற்குள் அடுத்ததைத் தேட வேண்டும் என்ற கணக்கை மக்களிடமிருந்து மறைத்ததுதான் குறை. மறைத்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர். அடுத்தடுத்து வந்த எல்லோரும்.

எல்லாக் கட்சிகளின் கையொப்பமும்

தாட்சர் மீதான கோபம் எங்கிருந்து வருகிறது என்பதை அறியாமல் பேசக் கூடாது. 1980 ஜனவரி 2 அன்று தொடங்கிய தேசிய எஃகு வேலைநிறுத்தம் பதின்மூன்று வாரம் நீடித்தது. விலைவாசி ஆண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு ஏறிக்கொண்டிருந்தபோது தொழிலாளர்களுக்கு முதலில் முன்வைக்கப்பட்டது 2 விழுக்காட்டு உயர்வு. அதே ஆண்டில் ஷாட்டனில் எஃகாக்கம் நின்று 6,000க்கு மேற்பட்டோர் ஒரே அடியில் வேலை இழந்தார்கள், இங்கிலாந்தின் கார்பி ஆலை போயிற்று, செப்டம்பரில் கான்செட் ஆலை போயிற்று. கான்செட் நகரம் அந்த ஆலையைச் சுற்றி எழுந்த ஊர். ஆலை போனபின் அங்கே மிஞ்சியவர்களுக்கு என்ன வழி என்று கேட்க எவரும் இல்லாத வேகத்தில் எல்லாம் நடந்தது. அந்த வேகமும் அந்தப் புறக்கணிப்பும் தாட்சர் அரசின் தேர்வுதான். அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

ஆனால் அதற்கு முன்பே, தொழிற்கட்சி ஆட்சியில், கார்டிஃபின் ஈஸ்ட் மூர்ஸ் மூடப்பட்டிருந்தது. எப்வேலின் உலைகள் அணைந்திருந்தன. எப்வேல் தேசிய மருத்துவச் சேவையை உருவாக்கிய அனாய்ரின் பெவனின் தொகுதி. அவருக்குப் பின் மைக்கேல் ஃபுட்டின் தொகுதி. 1975இல் அமைச்சராக இருந்த ஃபுட், மூடும் செய்தியோடு தன் சொந்தத் தொகுதித் தொழிலாளர்கள் முன் வந்து நின்று அவர்களுடைய கூச்சலைக் கேட்டார். நேரில் போய் நின்றாரே என்பதற்காக அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதற்கும் முன்னால், 1973இல், ஹீத் தலைமையிலான கன்சர்வேட்டிவ் அரசு 300 கோடி பவுண்டு செலவில் உற்பத்தியை ஆண்டுக்கு 3.3 கோடி டன்னுக்கு மேல் கொண்டுபோகும் திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை ஏறி உலகச் சந்தை படுத்தது. தேவை இருக்கும் என்று கணக்கிட்டுக் கட்டத் தொடங்கியவை தேவை இல்லாத காலத்தில் முடிந்தன. 1970ஆம் ஆண்டின் உற்பத்தியைப் பிரிட்டன் பிறகு ஒருபோதும் எட்டவில்லை.

ரேவன்ஸ்கிரெய்க் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. 1982 டிசம்பரில் அதை மூடலாம் என்ற பேச்சு முற்றியபோது, ஸ்காட்லாந்து அமைச்சர் ஜார்ஜ் யங்கர் எதிர்த்து நின்றார். ஐந்து பெரிய ஆலைகளிலும் எஃகாக்கம் தொடரும் என்று அரசு அறிவித்தது. அது தாட்சரின் அரசு. 1988இல், அதுவரை அரசுடைமையாக இருந்த பிரிட்டிஷ் ஸ்டீல் தனியாருக்கு விற்கப்படும்போதும், சந்தை இடம் கொடுத்தால் 1994வரை ரேவன்ஸ்கிரெய்க்கில் எஃகு செய்யப்படும் என்ற உறுதிமொழி தரப்பட்டது. சந்தை இடம் கொடுத்தால் என்ற அந்தச் சொற்கள் எதற்காக அங்கே இருந்தன என்பது நாலே ஆண்டில் தெரிந்தது. இதைப் பெரியவரிடம் ஒரு முறை சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மன்னித்ததாக நினைக்காதீர்கள், தள்ளிவைத்தார்கள் என்றார். அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடு. தள்ளிவைத்த அந்தப் பத்தாண்டில் ஓர் ஊரை அடுத்த தொழிலுக்குத் தயார்செய்திருக்கலாம். அந்த அவகாசம் யாருடைய பெயரில் பழி விழும் என்ற கணக்கிலேயே கழிந்தது.

நம் ஊர் முதலாளி

வேல்ஸில் ஒரு தேநீர்க் கடையில், நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்று அறிந்ததும் ஒருவர், உங்கள் ஊர் முதலாளிதானே எங்கள் உலையை அணைத்தார் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளும் விருப்பத்தோடுதான் கேட்டார். 2007இல் டாடா ஸ்டீல் 620 கோடி பவுண்டுக்கு, பிரிட்டனின் பெரிய எஃகாலைகளை வைத்திருந்த கோரஸ் நிறுவனத்தை வாங்கியபோது இந்தியாவில் எழுந்த பெருமிதம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று போர்ட் டால்பட்டின் கடைசி ஊதுலை அணைக்கப்பட்டது. பிரிட்டன் முழுவதிலும் ஏறத்தாழ 2,800 பேருக்கு வேலை போகும் ஏற்பாடு அது. பதிலாக வரும், மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலைக்கு ஆகும் 125 கோடி பவுண்டில் 50 கோடியை அரசு தருகிறது. அந்த 50 கோடியை 2023இல் ஒப்புக்கொண்டது கன்சர்வேட்டிவ் அரசு. 2024இல் அதே தொகைக்குக் கையெழுத்திட்டது தொழிற்கட்சி அரசு. புதிய உலை எரியும்வரை ஒரு ஊதுலையையாவது ஓடவிடுங்கள் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. கேட்டது கிடைக்கவில்லை.

அந்த மனிதருக்கு நான் சொன்ன பதில் நெதர்லாந்தைப் பற்றியது. கோரஸ் என்பது 1999இல் பிரிட்டிஷ் ஸ்டீலும் டச்சு நிறுவனமான ஹோகோவன்ஸும் இணைந்து உருவானது. டாடா வாங்கியபோது இரண்டு நாட்டு ஆலைகளும் ஒரே பேரத்தில் கைமாறின. டச்சுக் கரையில் எய்முய்டன் என்னும் ஒரே ஓர் ஆலை. ஆண்டுக்கு 70 லட்சம் டன் அளவுக்குத் திறன் கொண்டது, அதாவது இன்று பிரிட்டன் முழுவதும் செய்வதைவிட அதிகம். அங்கும் புகை, சூழல், செலவு என்று கடுமையான சண்டைகள் நடக்கின்றன. ஆனாலும் ஆலை நிற்கிறது. முதலாளி ஒருவரே. சீன எஃகு இரு நாட்டுச் சந்தைக்கும்தான் வந்தது. வேறுபட்டது எது? கடலோரத்தில் ஒரே இடத்தைத் தேர்ந்து, கப்பல் துறையையும் உலையையும் உருட்டாலையையும் அங்கேயே குவித்து, தலைமுறை தலைமுறையாக அதிலேயே முதலிட்டார்கள். அதே காலத்தில் பிரிட்டன் தன் முதலீட்டை ஐந்து இடங்களுக்குப் பிரித்து, எந்த இடத்தையும் முழுமையாக்காமல் விட்டது. முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. அவற்றைத் தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதலாளியைக் காட்டி, அவருக்கு முந்தைய ஐம்பது ஆண்டுகள் பற்றிய கேள்விகளை மறைத்துவிட முடியாது என்பதை மட்டும் சொன்னேன். அந்த மனிதர் சற்று யோசித்துவிட்டு, ரெட்கார் கடலோரத்தில்தானே இருந்தது என்றார்.

ரெட்கார்

அவர் கேட்டது சரியான கேள்வி. இந்த வரலாற்றில் என்னை அதிகம் வருத்துவதும் அதுதான். 1973 திட்டத்தின் சரிவில் தப்பிப் பிழைத்து உருவான ஒரே பெரிய சொத்து டீஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுந்த ரெட்கார் ஊதுலை. 1979இல் எரியத் தொடங்கிய அது பிரிட்டனிலேயே மிகப் பெரியது. ஐரோப்பாவில் இரண்டாவது பெரியது. ஆழமான துறைமுகம் பக்கத்திலேயே. நாளொன்றுக்கு 10,000 டன் இரும்பு செய்யும் ஆற்றல். எங்கே கட்ட வேண்டுமோ அங்கே, எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டுமோ அவ்வளவு பெரிதாகக் கட்டப்பட்ட உலை.

2010இல் கோரஸ் அதை நிறுத்திவைத்தது. தாய்லாந்தின் எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் வாங்கி 2012இல் மறுபடி எரிய வைத்தது. 2015இல் உலகச் சந்தையில் எஃகு விலை சரிந்து எஸ்.எஸ்.ஐ. நொடித்துப்போனது. சீன எஃகின் மீது ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் வரி விதிக்க வழிசெய்யும் மாற்றத்துக்கு அந்நாளைய பிரிட்டன் அரசே முட்டுக்கட்டை போட்டது. ரெட்காருக்குப் பணம் தர அரசு முன்வரவில்லை. அக்டோபரில் கற்கரி அடுப்புகளும் ஊதுலையும் கைவிடப்பட்டன. ஆலையின் 2,200 பேர் வேலை இழந்தார்கள். யாரும் சனிக்கிழமையில் கூடவில்லை. 2022 நவம்பரில் அந்த உலையையும் தகர்த்தார்கள். ரெட்கார் கைவிடப்பட்டுப் பத்தாண்டு கழித்து, துறைமுகத்திலிருந்து ரயிலில் சரக்கு வர வேண்டிய, பல பத்தாண்டு மூத்த இரண்டு உலைகளைக் காக்க நாடாளுமன்றமே ஓடி வந்தது. ஓடி வந்தது சரி என்றே நினைக்கிறேன். ஸ்கன்தார்ப்பில் வேலை பார்ப்பவர்களை அணைந்த உலையின் முன் நிற்க வைத்திருந்தால் அது பெரும் கொடுமை. ஆனால் காக்க வேண்டியதைக் காக்க வேண்டிய நேரத்தில் கைவிட்ட ஒரு நாடு, இப்போது எதைக் காக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மூடும் நாளில் பழிக்கு ஆள் தேடும் பழக்கம் என்ன கெடுதலைச் செய்கிறது என்பதற்கு ரெட்கார் போதும். 2015இல் அது உலகச் சந்தையின் குற்றம், தாய்லாந்து நிறுவனத்தின் குற்றம், சீனாவின் குற்றம் என்று பேசி முடிக்கப்பட்டது. பேச்சு அங்கே முடிந்ததால், தாதிலிருந்து இரும்பு செய்யும் ஆற்றலைப் பிரிட்டன் வைத்துக்கொள்ள வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த ஆலையை வைத்துக்கொள்வது என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை. கேட்டிருந்தால் விடை ரெட்கார் என்றுதான் வந்திருக்கும் என்பது என் திடமான கருத்து.

அடுத்த கட்டத்துக்கான கேள்விகள் இப்போதே மேசைமேல் இருக்கின்றன. மின்வில் உலை பழைய இரும்பை உருக்கி எஃகாக்கும். பிரிட்டனில் பழைய இரும்புக்குப் பஞ்சமில்லை; ஆனால் சேரும் பழைய இரும்பில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. அதை உள்ளூரில் நிறுத்திவைக்க என்ன ஏற்பாடு? மின்வில் உலையின் உயிர்நாடி மின்சாரம். பிரெஞ்சு, ஜெர்மன் ஆலைகளைவிடக் கூடிய கட்டணத்தைக் கொடுத்து அது எப்படிப் போட்டியிடும்? புதிய உலைகள் எங்கே அமையும், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம் துறைமுகமா, மின் இணைப்பா, அடுத்த தேர்தலா? இவற்றுக்கான விடைகளை 1958இல் செய்ததுபோல் ஒரு பிரதமரின் ஒற்றை அறிவிப்பில் கேட்க நான் விரும்பவில்லை. கணக்கு முழுவதும் அச்சில் வர வேண்டும். அந்தக் கணக்கை ஸ்கன்தார்ப்பிலும் டீஸ் கரையிலும் வேலை பார்ப்பவர்கள் படித்துக் கேள்வி கேட்க வாய்ப்பு வேண்டும். முக்கியமாக, ராணி பெஸ்ஸும் ராணி ஆனும் எந்த ஆண்டு ஓய்வு பெறும், அதற்கு எத்தனை ஆண்டு முன்பே புதிய உலை எரியத் தொடங்கியிருக்கும் என்ற இரண்டு தேதிகளையும் பொறுப்பிலிருக்கும் அமைச்சர் இன்றே எழுதிக் கையெழுத்திட்டு, அந்த ஆலையின் வாசலில் ஒட்ட வேண்டும்.